கயிற்றின் மறுமுனை

நாளிதழ்களில் கொலை, கொள்ளைச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும். மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. ஊர் மாறும், ஆண்டு மாறும், நாயின் பெயரும் மாறும். இந்த வாசகம் மட்டும் மாறுவதில்லை. தேநீர்க் கடைப் பெஞ்சில் இதை உரக்க வாசித்துச் சிரிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சிரித்து முடித்தபின் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. நாய் ஏன் நின்றது? அது வழி தவறி நின்றதா, தடம் அங்கே முடிந்ததால் நின்றதா? இந்த இரண்டில் எது என்று முடிவு செய்தவர் யார்? நாய் வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. அதன் கழுத்துப்பட்டையிலிருந்து நீளும் கயிற்றின் மறுமுனையில் ஒரு காவலர் நிற்கிறார். அவர் பார்த்தார், புரிந்துகொண்டார், மேலதிகாரியிடம் சொன்னார். நாயின் பெயர் செய்தியில் வருகிறது; பெரும்பாலும் அவர் பெயர் வருவதில்லை. காவல்துறை நாய்களின் வரலாற்றை அந்த மறுமுனையில் நிற்பவரின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நடுகல்லில் ஒரு நாய்

கள்வரை எதிர்க்க நாயைத் துணைக்கொள்வது நமக்குப் புதிய வழக்கமன்று. ஞமலி, ஞாளி என்று சங்க இலக்கியம் நாயைப் பல பெயர்களால் சுட்டும். நாயின் குட்டியைக் குருளை என வழங்க வேண்டும் என்று தொல்காப்பிய மரபியல் தனியே விதி வகுக்கிறது. பெயர் வைத்துப் பழகிய விலங்கு அது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடுக்கப்பட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பூசலில் பட்டான். அவனோடு இருந்த கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாயின் உருவமும் இடம்பெற்றிருக்கிறது. அதன் பெயரும் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

நடுகற்களைப் பாடம் நடத்தும்போது இக்கல்லைப் பற்றிச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்த வியப்பு அது. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோவிவன் செய்த செயல் கண்முன் நடந்தது. கள்வர் அங்கேயே இருந்தனர்; நாய் கடித்தது; காத்து நின்றது. அச்செயலுக்கு விளக்கம் சொல்ல ஓர் இடையாள் தேவைப்படவில்லை. கள்வன் ஓடி மறைந்த பிறகு, அவன் விட்டுச் சென்ற மணத்தைக் கொண்டு அவன் யாரென்று நாயிடம் கேட்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. நவீனக் காவல்துறையின் கதை அங்கே தொடங்குகிறது.

லண்டன், 1888

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 1888ஆம் ஆண்டு பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். கொலைகாரனுக்குப் பத்திரிகைகள் 'ஜாக் த ரிப்பர்' என்ற பெயரைப் பரப்பின. காவல்துறை கையைப் பிசைந்துகொண்டு நிற்க, 'பிளட்ஹவுண்ட் நாய்களைப் பயன்படுத்தினால் என்ன?' என்று பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் குவிந்தன. ஆணையர் சர் சார்லஸ் வாரன் இசைந்தார். ஸ்கார்பரோ என்னும் ஊரில் இவ்வகை நாய்களை வளர்த்துவந்த எட்வின் பிரௌ என்பவர் பார்னபி, பர்கோ என்ற இரு நாய்களைக் கொண்டுவந்தார். அக்டோபர் மாதத்தில் ரீஜெண்ட்ஸ் பூங்காவிலும் ஹைட் பூங்காவிலும் சோதனைகள் நடந்தன. வாரன் தாமே ஓடிச்சென்று, தம்மை நாய்கள் துரத்திக் கண்டுபிடிக்குமாறு செய்து பார்த்தார்.

வேற்றாள் குறுக்கிடாத புல்வெளியில் நாய்கள் ஓரளவு நன்றாகவே தடம் பற்றின. அந்நியர் கடந்து சென்ற இடங்களில் தடுமாறின. கூட்டம் நெரியும் கிழக்கு லண்டன் தெருக்களில் அவை என்ன செய்யும் என்பது கேள்வியாகவே நின்றது. நாய்களை விலைக்கு வாங்குவது பற்றி அரசு முடிவெடுக்கவில்லை. காத்திருந்து சலித்த உரிமையாளர் பக்கம் நாய்கள் திரும்பிச் சென்றன.

நவம்பர் 9ஆம் நாள் காலை மேரி கெல்லி என்ற பெண் தன் அறையில் கொலையுண்டு கிடந்தாள். செய்தி அறிந்து வந்த காவலர்கள் கதவைத் திறக்கவில்லை. நாய்கள் வரும், அதுவரை தடம் கலையக் கூடாது என்ற எண்ணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே காத்து நின்றார்கள். நாய்கள் லண்டனிலேயே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை! பிற்பகலில் நாய்கள் வாரா என்று அறிந்த பின்னரே கதவு உடைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை வேடிக்கைக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு பாடம். நாயை வாடகைக்குக் கொண்டுவரலாம். நாயோடு சேர்ந்து உழைக்கும் முறையை அப்படிக் கொண்டுவர இயலாது. அந்நாய்களோடு பழகிய காவலர் ஒருவர்கூட லண்டன் காவல்துறையில் இல்லை. எப்போது அழைப்பது, இடத்தை எப்படிக் காப்பது, நாய் தயங்கினால் என்ன பொருள் கொள்வது என்பவற்றுக்கு விடை இல்லை. லண்டன் மாநகரக் காவல்துறை முறையான நாய்ப் பிரிவு ஒன்றை அமைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946ஆம் ஆண்டில்தான்.

கெண்ட் நகரத்து இரவுக் காவல்

அந்த முறையை முதலில் உருவாக்கிய நகரம் பெல்ஜியம் நாட்டின் கெண்ட். துறைமுகமும் கால்வாய்களும் நிறைந்த ஊர். இரவுக் காவலுக்கு ஆள் போதவில்லை. கூடுதல் ஆள் அமர்த்தப் பணமும் இல்லை. காவல் ஆணையர் எர்னெஸ்ட் வான் வெஸெமேல், காவலரோடு நாயையும் அனுப்பும் திட்டத்தை 1899ஆம் ஆண்டு தொடங்கினார்.

கெண்ட் நாய்களின் முதன்மையான வேலை மோப்பம் பிடிப்பது அன்று. இருண்ட சந்துகளில் முன்னே சென்று பார்ப்பது, ஒளிந்திருப்பவரை வெளிக்கொணர்வது, காவலரைத் தாக்க வருபவரைத் தடுப்பது ஆகியவையே அவற்றின் பணிகள். மதில் தாண்டவும் நீந்தவும் அவற்றுக்குப் பயிற்சி தரப்பட்டது. கோவிவன் செய்த வேலையைத்தான் கிட்டத்தட்ட அவையும் செய்தன எனலாம். புதுமை வேறிடத்தில் இருந்தது. நாய்க்குப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. கொட்டில், உணவு, வேலை நேரம் எல்லாம் ஏட்டில் பதியப்பட்டன. நாயும் காவலரும் ஓர் இணையாகக் கருதப்பட்டனர்.

பிற நாடுகள் கெண்டை நோக்கி ஆள் அனுப்பின. நியூயார்க் காவல்துறை 1907ஆம் ஆண்டு ஓர் அதிகாரியை அங்கு அனுப்பி, ஐந்து நாய்களைத் தருவித்தது. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் 1908ஆம் ஆண்டு ரயில்வே காவல்துறை ஏர்டேல் டெரியர் நாய்களைக் கொண்டு சரக்குக் களவைத் தடுக்க முனைந்தது. தென்னாப்பிரிக்கக் காவல்துறையும் 1911ஆம் ஆண்டளவில் நாய்களைப் பழக்கத் தொடங்கியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு நகராட்சியின் சிக்கனத் திட்டம் கடல்கடந்த வழக்கமாயிற்று.

பெர்லினில் ஒரு குதிரை

இதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு வளர்ச்சி நிகழ்ந்தது. மேய்ச்சல் நாய்களிலிருந்து ஒரு வேலை நாயினத்தை உருவாக்க வேண்டும் என்று முனைந்த மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபனிட்ஸ் 1899ஆம் ஆண்டு அதற்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தார். நம் ஊரில் 'அல்சேஷன்' என்று வழங்கும் ஜெர்மன் ஷெப்பர்டு இனம் இவ்வாறே நிலைபெற்றது. மேய்ப்பதற்கு மந்தைகள் குறைந்துவந்த காலம் அது. அந்த நாய்க்குக் காவல்துறையில் வேலை இருக்கிறது என்று அதிகாரிகளை நம்பச் செய்தவரும் அவரே.

பயிற்சியை ஒரு துறையாக்கியவர் கொன்ராட் மோஸ்ட். ஸார்ப்ரூக்கன் நகரக் காவல் அதிகாரியான இவர் 1906ஆம் ஆண்டு நாய்களைப் பழக்கத் தொடங்கி, 1910ஆம் ஆண்டு நாய்ப் பயிற்சி பற்றி நூலொன்றை வெளியிட்டார். நாய்க்கு மனித அறம் தெரியும், செய்தது தவறென்று அது உணரும் என்றெல்லாம் எண்ணுவது பயிற்சியாளரின் மயக்கம் என்பது அவர் கொள்கை. செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே கணப்பொழுது தாமதித்தாலும் நாய் வேறொன்றைக் கற்றுக்கொள்ளும், பிழை நாயினுடையதன்று. அவர் கையாண்ட வன்மையான தண்டனை முறைகளை இன்றைய பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனினும் நாய் தவறினால் மனிதனைத் திருத்து என்ற அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

மோஸ்ட் நாயின் திறனையும் ஐயத்தோடு சோதித்தார். ஆளைத் தரை தொடாமல் கம்பி வடத்தில் தொங்கவிட்டு நகர்த்தினால் நாய் தடம் முடிந்த இடத்திலேயே நின்றது. ஆளின் பாதம் படாமல் சக்கரத்தை உருட்டி உண்டாக்கிய தடத்தை அது தொடர்ந்து சென்றது. மிதிபட்ட புல்லும் கிளறிய மண்ணும் எழுப்பும் மணத்துக்கும் தடத்தில் பெரும் பங்கு உண்டு என்று இதனால் தெரியவந்தது. நாய் ஒரு தடத்தைப் பின்பற்றியது என்பதாலேயே அது ஒரு குறிப்பிட்ட மனிதனின் மணத்தைத்தான் பின்பற்றியது என்று சொல்லிவிட முடியாது. நீதிமன்றங்களுக்கு மிக வேண்டிய எச்சரிக்கை இது.

இதற்குச் சற்று முன்னர்தான் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும்! உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் ஏமாற்றுக்காரரல்லர். குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்றே மனமார நம்பினார். ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து, 1907ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையில் தோன்றும் நுண்ணிய அசைவைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. அவ்வசைவு தம்மிடம் தோன்றியதைக் கேட்டவரே அறியவில்லை.

குதிரை குளம்பால் சொன்னது மனிதனின் விடையை. கயிற்றைப் பிடித்திருக்கும் காவலரின் மனத்தில் 'இவன்தான்' என்ற எண்ணம் முன்பே இருந்தால், நாய் சொல்வது யாருடைய விடை? பின்வந்த நூறாண்டு அனுபவத்தை இந்த ஒரு கேள்வியைச் சுற்றிச் சொல்லிவிடலாம்.

பந்தும் மணமும்

மோப்ப நாய்ப் பயிற்சியின் உட்பொருள் எளியது. குருளைப் பருவத்திலேயே விளையாட்டில் தணியாத ஆர்வமுள்ள நாயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்குப் பிடித்த பந்தையோ சுருட்டிய துணியையோ வெடிமருந்து அல்லது போதைப்பொருளின் மணத்தோடு சேர்த்துப் பழக்குகிறார்கள். பிறகு மணத்தை மட்டும் ஒளித்துவைத்து, அதைக் கண்டுபிடித்தவுடன் பந்தைத் தருகிறார்கள். நாயைப் பொறுத்தவரை அது தேடுவது விளையாட்டை. நாட்டைக் காப்பதாகவோ குற்றத்தை ஒழிப்பதாகவோ அது எண்ணுவதில்லை.

கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்பதும் பயிற்சியில் அடங்கும். வெடிபொருளைக் கண்ட நாய் அமைதியாக அமர வேண்டும், பிராண்டினால் கேடு. ஒரே நாய்க்கு வெடிபொருளையும் போதைப்பொருளையும் கற்பிப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அது அமர்ந்தால் எதைக் கண்டு அமர்ந்தது என்று காவலருக்குத் தெரிந்தாக வேண்டுமல்லவா? தடம் பற்றும் நாயின் கல்வி வேறு. தேசிய அளவிலான பயிற்சி மையங்களில் வெடிபொருள் நாய்க்கு ஏறத்தாழ ஆறு மாதமும், தடம் பற்றும் நாய்க்கு ஏறத்தாழ ஒன்பது மாதமும் பயிற்சி தரப்படுகிறது. குவாலியருக்கு அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970ஆம் ஆண்டு தொடங்கிய மையம் இவற்றுள் பெயர்பெற்றது. தமிழகத்தைப் பொறுத்தவரை 1950களிலேயே சென்னை மாநகரக் காவல்துறையில் நாய்ப் பிரிவு செயல்படத் தொடங்கிவிட்டது.

நாய் தனியே பயிற்சி பெறுவதில்லை. கையாளும் காவலரும் அதே மாதங்கள் உடனிருந்து பயில்கிறார். குளிப்பாட்டுவதும் உணவிடுவதும் ஓடவிடுவதும் அவர் பொறுப்பு. பிறர் தரும் உணவை மறுக்கவும் நாய்க்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அவர் கற்க வேண்டியவற்றுள் கடினமானவை கண்ணுக்குத் தெரியாதவை. கயிற்றைத் தளர்வாக விடக் கற்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பெட்டியின் அருகே தம் நடை தயங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று எப்பக்கம் வீசுகிறது என்று அறிந்து நாயை எதிர்க்காற்றில் செலுத்த வேண்டும். வாலின் நிலை, மூச்சின் வேகம், தலை திரும்பும் விதம் ஆகியவற்றைக் கொண்டு, நாய் மணத்தில் இருக்கிறதா வெறுமனே அலைகிறதா என்று உணர வேண்டும். இவற்றை நூல் படித்து அடைய முடியாது. அந்த ஒரு நாயோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தே அடைய வேண்டும். கையாள்பவர் மாறினால் நன்கு பழகிய நாயும் சிலகாலம் தடுமாறுவது இதனால்தான்.

முதலில் சொன்ன செய்தி வாசகத்துக்கு இனி விடை காணலாம். மனித உடலிலிருந்து ஓயாது உதிரும் தோல் துகள்களும் வியர்வையும் மணமாகத் தரையில் படிகின்றன. ஈரப் புல்வெளியில், விடியற்காலைக் குளிரில் அவை நெடுநேரம் நிற்கும். வெயில் காயும் தார்ச்சாலையில் விரைவில் கலைந்துவிடும். சம்பவ இடத்தில் ஊரே திரண்டு மிதித்த பிறகு நாய் வந்தால் அதற்கு முன் நூறு தடங்கள். ஓடியவன் சாலையோரத்தில் வண்டியில் ஏறியிருந்தால் தடம் அங்கே அறுபடும். நாய் சிறிது தூரம் ஓடி நின்றது என்றால், பல நேரம் அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. தெரிந்தவரை சென்றது, தெரியாத இடத்தில் நின்றது.

பொருளைக் காட்டலும் ஆளைக் காட்டலும்

மோப்ப நாயின் வேலையில் இருவகை உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் பேசுவதால்தான் குழப்பம் விளைகிறது.

1993ஆம் ஆண்டு மும்பைத் தொடர் குண்டுவெடிப்புகளை ஒட்டிய தேடுதலில் ஜஞ்சீர் என்ற லாப்ரடார் நாய் 3,000 கிலோவுக்கும் மேற்பட்ட ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உதவியது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அது இறந்தபோது காவல்துறை மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. ஜஞ்சீர் சொன்னதை யாரும் நம்ப வேண்டிய தேவை எழவில்லை. அது அமர்ந்த இடத்தைத் தோண்டினார்கள், வெடிமருந்து இருந்தது. நாய் பொருளைக் காட்டும்போது பொருளே சான்றாகிவிடுகிறது. தவறாகக் காட்டினாலும் தோண்டிய இடம் வெறுமையாய் இருந்து அத்தவற்றைச் சொல்லிவிடும்.

நாய் ஓர் ஆளைக் காட்டும்போது நிலைமை தலைகீழாகிறது. தோண்டிப் பார்க்க இடமில்லை. நாய் காட்டியது என்பதைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாமற் போகலாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1980களில் நாய் கையாள்பவர் ஒருவர் பல வழக்குகளில் சாட்சி சொன்னார். தம் நாய் பல மாதம் பழைய தடத்தையும் பற்றும், நீரின் மேல் சென்ற தடத்தையும் பற்றும் என்றார். நீதிபதி ஒருவர் 1984ஆம் ஆண்டு சோதிக்க முற்பட்டபோது, சில நாள் பழைய தடத்தையே அந்நாயால் பற்ற முடியவில்லை. அதற்குள் பலர் சிறை சென்றுவிட்டனர். வில்லியம் டில்லன் என்பவர் 1981ஆம் ஆண்டு கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இரத்தக் கறை படிந்த சட்டையோடு அவரைத் தொடர்புபடுத்தியவற்றுள் அந்த நாயும் ஒன்று. மரபணுச் சோதனை அச்சட்டை அவருடையதன்று எனக் காட்ட, 2008ஆம் ஆண்டு, 27 ஆண்டுகளுக்குப் பின் விடுதலையானார். அதே கையாள்பவரின் சாட்சியம் இடம்பெற்ற மற்றொரு வழக்கில் வில்டன் டெட்ஜ் என்பவர் 22 ஆண்டுகள் சிறையில் கழித்து 2004ஆம் ஆண்டு வெளிவந்தார். இருவரும் இளைஞர்களாய் உள்ளே சென்றவர்கள்.

இது தனிமனிதர் ஒருவரின் பிழை என்று ஒதுக்கிவிட முடியுமா? நெதர்லாந்தில் மண அணிவகுப்பு என்றொரு முறை நெடுங்காலம் வழங்கியது. சந்தேகத்துக்குரியவரும் தொடர்பில்லாத பிறரும் கையில் பிடித்திருந்த எஃகுக் குழாய்களை வரிசையாக வைத்து, குற்றவிடத்துப் பொருளின் மணத்தோடு பொருந்துவதை நாய் எடுக்க வேண்டும். சந்தேக நபரின் குழாய் எங்கே இருக்கிறது என்று கையாள்பவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. 1997 முதல் 2006 வரை அந்நாட்டின் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் இவ்விதி மீறப்பட்டது, கையாள்பவர்கள் இடத்தை முன்கூட்டியே அறிந்திருந்தனர் என்பது 2006ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பல வழக்குகள் மறு ஆய்வுக்கு உள்ளாயின. ஹான்ஸ் குதிரையின் பாடம் வெளியாகி அப்போது நூறாண்டுகள் ஆகவிருந்தன!

கலிஃபோர்னியாவில் 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றும் நினைக்கத்தக்கது. நாயும் கையாள்பவரும் சேர்ந்த 18 இணைகள் ஒரு தேவாலயத்தின் நான்கு அறைகளில் தேடின. சில இடங்களில் ஒட்டிய சிவப்புத் தாள் மணப்பொருள் இருக்குமிடத்தைக் குறிக்கிறது என்று கையாள்பவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எந்த அறையிலும் போதைப்பொருளோ வெடிமருந்தோ வைக்கப்படவில்லை. ஆயினும் 144 தேடல்களில் 21 மட்டுமே எந்த அறிவிப்புமின்றி முடிந்தன. மற்றவற்றில் நாய் காட்டிவிட்டது என்று கையாள்பவர்கள் அறிவித்தார்கள். அறிவிப்புகள் தாள் ஒட்டிய இடங்களை ஒட்டியே மிகுந்தன. கையாள்பவரின் சாடை கண்டு நாய்கள் காட்டினவா, நாய் காட்டாததையே அவர்கள் கண்டார்களா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இரண்டில் எதுவாயினும், அவர்கள் வேண்டுமென்று பொய் சொன்னார்கள் என்பது பொருளன்று. ஃபான் ஆஸ்டனைப் போல மனமார நம்பினார்கள், அவ்வளவே.

நீதிமன்றத்தின் ஐயம்

நீதிமன்றங்கள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்தன. தென்னாப்பிரிக்காவின் உயர் மேல்முறையீட்டு மன்றம் 1920ஆம் ஆண்டிலேயே, நாயின் செயலைக் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்குவதில் நிச்சயமின்மை மிகுதி என்று கூறி அத்தகைய சான்றை ஏற்க மறுத்தது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் ரயில் தடம்புரண்டது தொடர்பான அப்துல் ரசாக் வழக்கில் இப்பொருளை ஆராய்ந்தது. 1970ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது வெளிவந்தது. அதில் எடுத்துப் பேசப்பட்ட மறுப்புகளை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்தாள்கிறார்கள். நாய் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ய இயலாது. அதைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. அதற்காக அதன் துணைவர் பேசினால் அது பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது போன்றதாகும். மனிதனின் உயிரும் உரிமையும் நாயின் ஊகத்தை நம்பி நிற்கலாகாது.

ஆந்திர வழக்கொன்றில் 2001ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில் நீதிமன்றம் இன்னும் ஓரடி சென்றது. பிழை நாயினுடையதாகவும் இருக்கலாம், அதன் எசமானருடையதாகவும் இருக்கலாம். நாயின் நடத்தையைத் தவறாகப் பொருள் கொள்ளவும் கூடும் என்று சுட்டியது. அசாம் வழக்கொன்றின் தீர்ப்பில் 2008ஆம் ஆண்டு, புலனாய்வுக்கு நாயின் துணையைக் கொள்ளலாம், குற்றத்தை நிறுவும் சான்றாக அதைக் கொள்ள இயலாது என்ற நிலை மீண்டும் உறுதிப்பட்டது. நாய் வழி காட்டலாம். தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே இத்தீர்ப்புகளின் சாரம்.

ஆனால் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு மன்றம் இருக்கிறது. 'நாய் நேராக அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டதாம்' என்று ஊரில் ஒரு சொல் கிளம்பிவிட்டால், பிற்பாடு வழக்கு தள்ளுபடியானாலும் அந்த வீட்டின் பெயர் மீளாது. நாய் பொய் சொல்லாது என்ற நம் நம்பிக்கை அத்தனை வலியது. நாய் பொய் சொல்லாதுதான். அது எதையுமே சொல்லவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அச்சம் என்னும் ஆயுதம்

நாயின் மூக்கு மட்டும் அதிகாரத்துக்குப் பயன்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது, பல்லும் பயன்பட்டது. ஜமைக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்த மரூன் மக்களின் போரை ஒடுக்க, ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டு கியூபாவிலிருந்து சுமார் 100 வேட்டை நாய்களையும் அவற்றை நடத்துவோர் 40 பேரையும் இறக்கினர். அவை வந்திறங்கிய செய்தியே போதுமாயிருந்தது; மரூன்கள் பணிந்தனர். அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் 1963ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பின மாணவர்கள்மீது காவல்துறை நாய்கள் ஏவப்பட்டன. பதினேழு வயது இளைஞன்மேல் நாய் பாயும் புகைப்படம் உலகெங்கும் அச்சாகி, அந்நாட்டின் மனசாட்சியை உலுக்கியது. அங்குள்ள பூங்காவில் இன்று, பாதையின் இருபுறமும் பாய்ந்து வரும் நாய்களின் சிலைகள் நிறுவப்பட்டுள்ளன. நடுவே நடப்பவர் அந்த நாளின் அச்சத்தை ஒரு கணமேனும் உணர வேண்டும் என்பது நோக்கம்.

அந்தச் சிலைகளைப் பார்த்து நாயினத்தை வெறுப்பவர் இருக்க மாட்டார். பந்துக்காகத் தேடுவது போலவே அவை ஏவலுக்காகப் பாய்ந்தன. பொறுப்பு கயிற்றின் மறுமுனைக்கே சேரும். அங்கிருந்து ஏவல் சொன்ன மேலிடத்துக்கும் சேரும்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெற வேண்டியது நாய்ப் பிரிவுகளை ஐயுற்று ஒதுக்கும் மனநிலையன்று. வெயிலில் குண்டைத் தேடி நாயோடு முதலில் உள்ளே நுழைபவர் அந்தக் காவலர்தான். அவர்கள் உழைப்பு மதிக்கப்பட வேண்டுமானால், அது சோதிக்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாயும் எத்தனை முறை சரியாகக் காட்டியது, எத்தனை முறை தவறியது என்ற பதிவேடு வழக்கோடு சேர்ந்து வர வேண்டும். ஆளைக் காட்டும் சோதனை எதுவாயினும், சந்தேக நபர் யாரென்று அறியாத கையாளுநரைக் கொண்டே நடத்தப்பட வேண்டும். பயிற்சியில் ஒன்றுமே ஒளித்துவைக்காத அறைகளும் இருக்க வேண்டும். அங்கே 'ஒன்றுமில்லை' என்று வெளிவரும் இணைக்கும் பாராட்டு உண்டு என்ற நிலை வர வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாய் நின்றுவிட்டது என்று மேலதிகாரியிடம் துணிந்து சொல்லும் காவலரை நாம் ஏளனம் செய்யாதிருக்க வேண்டும். கொதித்து நிற்கும் ஊரின் முன், பத்திரிகையாளர் சூழ, யாரையேனும் காட்டிவிட்டால் கைதட்டல் கிடைக்கும் என்ற நிலையில், 'தடம் இங்கே முடிகிறது, இதற்குமேல் தெரியவில்லை' என்று சொல்வது எளிதன்று. அதைச் சொல்லத் தவறியவர்களால்தான் எங்கோ ஒருவர் 27 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.